பூனைக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த நாய்

நாகர்கோவிலில் காலை ரயில் இருபது நிமிடம் தாமதம். திருவனந்தபுரத்துக்கு எழுபது கிலோமீட்டர்தான். நெய்யாற்றின்கரை வரை நின்றேன். எழுபத்தாறு வயதுக்காரனுக்கு எழுந்து இடம் தர அந்தப் பெட்டியில் ஒருவருமில்லை. தம்பானூரிலிருந்து ஸ்ரீவராகத்துக்கு ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டு அறுபதுக்கு வந்தார். "தெருவில நாய் உண்டு, சாரே. சூக்ஷிச்சு நடக்கணும்" என்று எச்சரித்து இறக்கிவிட்டார்.

மறுநாள் என் தங்கை அலமேலுவின் கணவருக்கு முதல் வருஷத் திதி. அதற்காகத்தான் போனேன்.

போனதுமே அலமேலு என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். ஓலைச் சாய்ப்பின் கீழே, சாக்கின்மேல் பழுப்பு நாய் ஒன்று படுத்திருந்தது. கண் திறக்காத மூன்று பூனைக்குட்டிகள் அதன் மடியில் முட்டி முட்டிப் பால் குடித்தன. தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டுச் செத்ததாம். நாயின் குட்டிகளை யாரோ சாக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். இது தானாகவே வந்து படுத்துக்கொண்டதாம். நான் குனிந்ததும் உறுமியது.

"அவர் போனப்புறம் இந்த ஆத்துல உசிரோட கேக்கற சத்தம் இதுதான், அண்ணா. கண் தெறக்கற வரைக்கும் காப்பாத்திட்டாப் போறும்" என்றாள்.

மறுநாள் காலையில் திதி செய்துவைக்க வந்த வாத்தியார் கொல்லையை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். திதி நாளில் நாய் கண்ணில் பட்டால் பித்ருக்கள் எதையும் ஏற்கமாட்டார்கள் என்றார். அலமேலு கெஞ்சிப் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கூர்தானே, மாமி. அதுக்குள்ள குட்டி செத்தா போயிடும்?" என்றார் வாத்தியார்.

அவளே சோற்றைக் காட்டி நாயை வெளியே கூட்டிப்போய்க் கொல்லைக் கதவைத் தாழிட்டாள்.

இரண்டு மணி நேரம் மூன்றாயிற்று. அத்தனை நேரமும் நாய் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மந்திரத்தின் நடுவே அலமேலு இரண்டு முறை எழுந்தாள். வாத்தியார் பார்த்ததும் உட்கார்ந்தாள். கடைசியில் அவள் மகன் பிண்டத்தைக் கொல்லைச் சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டான். ஒன்று வந்தது. பிறகு எண்ணினேன், பதினொன்று.

"அப்பா வந்துட்டாரம்மா" என்றான். அலமேலு கைகூப்பினாள். எல்லோரும் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம்.

சாப்பிட்டு வந்து பார்த்தபோது பிண்டம் பாதி சுவரிலேயே இருந்தது. சாக்கில் இரண்டு குட்டிகளைக் காணோம். மூன்றாவது கிடந்தது, திறக்காத கண்கள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அலமேலு தாழை நீக்கினாள். நாய் ஓடிவந்து அதை நக்கியது. பிறகு பக்கத்தில் படுத்து, மடியை அதன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது.

"நாமதானே கூப்பிட்டோம், அண்ணா" என்றாள்.

மறுநாள் நான் கிளம்பும்போதும் நாய் அங்கேயே படுத்திருந்தது. குட்டியை எடுக்க யாரையும் கிட்டே விடவில்லை.

எங்கள் வீட்டிலும் காக்கைக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதில்லை. ஊர் திரும்பிய அன்றும் சுவரில் ஒரு பிடி வைத்தேன். கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிடாமலே வந்தன.