கண்ணாடியில் வராத இளிப்பு

மூக்குக்காரர் என்றால் ஊரிலுள்ள மூன்று பத்திரிகை அலுவலகங்களிலும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக எதிலும் வேலையில் இல்லை, மூன்றுக்கும் கார்ட்டூன் போடுகிறார். மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது, "எவன்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன்" என்று வந்துவிட்டவர். யாராக இருந்தாலும் மூக்கிலேயே ஆளைப் பிடித்துவிடுவார். அமைச்சரின் மூக்குக்கு மட்டும் பாதிக் கட்டம் போகும். அதைப் பார்ப்பதற்கென்றே பேப்பர் வாங்குகிறவர்கள் உண்டு. அதில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு.

முகபாவம் வரைய அவருக்கு ஒரே வழிதான். மேஜையில் சவரக் கண்ணாடியை நிறுத்தி, தன் முகத்தையே கோணிக்கொண்டு வரைவார். கோபம், திருட்டுமுழி, பசப்பு அழுகை எல்லாம் வரும். அமைச்சருக்குப் பின்னால் கூழைக்கும்பிடு போடுகிற எடுபிடியின் அருவருப்பான இளிப்பு மட்டும் வரவே வராது. எவ்வளவு முயன்றாலும் பல்வலிக்காரன் மாதிரிதான் இருக்கும்.

"எனக்கு அந்தப் புத்தி இல்ல, அதான் வரமாட்டேங்குது" என்பார்.

"ஆமா, பெரிய இவரு" என்பாள் மனைவி.

ஒரு நாள் காலை மூன்றில் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். முந்தின நாள் கொடுத்த படம் மேஜையில் கிடந்தது.

"படம் பிரமாதம். மூக்கு மட்டும் உறுத்துது. நம்ம முதலாளியும் அமைச்சரும் சம்பந்தியாகப் போறாங்க. கொஞ்சம் சின்னதாக்கிடுங்களேன்."

மூக்கில் கைவைக்கச் சொன்னால் பேனாவையே உடைத்துப் போட்டுவிடுவேன் என்று வீட்டில் நூறு தடவை சொன்ன மனிதர், வாயைத் திறந்தார்.

"அதுக்கென்ன சார், இங்கயே பண்ணிடறேன்."

ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அதில் ஒருவன் முதுகு வளைந்து, உதடு ஒரு பக்கமாக ஒதுங்கி, கண் மட்டும் சிரிக்காமல் இளித்துக்கொண்டிருந்தான். சே! மூக்கைப் பார்த்ததும் மூக்குக்காரருக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஆனாலும் பாழாய்ப்போன கை சும்மா இருக்குமா? வெள்ளை மையால் அமைச்சரின் மூக்கை அழித்துச் சின்னதாகப் போட்ட சூட்டோடு, எடுபிடியின் வாயையும் மாற்றிப் போட்டது.

"அடடா! இப்பதான் உசுரே வந்திருக்கு. இவன எங்க பிடிச்சீங்க?"

"இங்கதான் சார்" என்றார். மறுபடியும் இளித்தார்.

மறுநாள் காலை மனைவி பேப்பரை விரித்தாள். அமைச்சரை அவள் கண்டுகொள்ளவே இல்லை. எடுபிடியைப் பார்த்தாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏங்க, பசங்க எந்திரிக்கறதுக்குள்ள இத எங்கயாச்சும் எடுத்து வச்சிடுங்க."