நிழல் விழாத தண்ணீர்

சனிக்கிழமை மதியம் என்றால் கரியடுப்பில் கொய்த்தியாவ் நூடுல்ஸ் வறுபடும் வாசம்தான் இன்றும் முதலில் வருகிறது. கீழே அந்தச் சாப்பாட்டுக் கடை. மரப்படி ஏறினால் மேலே திரு. ஓங்கின் கணினிக் கடை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு மானிட்டரின் வெளிச்சத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம்...

தொண்ணூறுகளின் தொடக்கம். கணினியில் மலையும் கடலும் உண்டாக்கிப் பார்க்கும் பைத்தியம் பிடித்தவர்கள் நாங்கள்.

வரைவது என்று சொல்ல முடியாது. மலையின் உயரம், தண்ணீரின் மட்டம், சூரியன் நிற்கும் திசை, எல்லாவற்றையும் எண்களாகக் கொடுக்க வேண்டும். கணினி மேலிருந்து கீழாக, கோடு கோடாக, ஒரு நிலத்தைக் கொண்டுவரும். என் பழைய கணினிக்கு ஒரு படத்துக்கு ஒரு பகல் முழுதும் வேண்டும்.

பாயான் பாருவில் இருந்த என் வீட்டில் காலையில் அதை ஓடவிட்டு ஃபேக்டரிக்குப் போவேன். தேநீர் நேரத்தில், இப்போது வானம் முடிந்திருக்கும் என்று நினைப்பேன். சாப்பாட்டு நேரத்தில், சிகரம் தெரிந்திருக்கும்... கையில் சர்க்யூட் போர்டு இருக்கும். மனம் மட்டும், ஆளில்லாத வீட்டில் தானாக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு மலையின் அடிவாரத்தில் நிற்கும்.

முதலில் எல்லோரும் எல்லாப் படத்தையும் "நைஸ், நைஸ்" என்றுதான் சொன்னோம். ஓங்கின் படத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நைஸ். கடை அவருடையதல்லவா! அது அவருக்கே பிடிக்காமல் ஒரு விதி வைத்தார். படம் இருக்கும் ஃப்ளாப்பி வட்டுகளைப் பெயர் எழுதாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். யாருடைய படம் என்று வாய்விட்டுச் சொன்னால் அந்தப் படம் விலக்கப்படும். எல்லாப் படங்களைப் பற்றியும் எல்லோரும் பேச வேண்டும். தன்னுடைய படம் வந்தாலும், யாரோ செய்ததுபோல.

அந்த ஆண்டு ஊர் நூலகத்தில் எங்களுக்கு ஒரு சுவர் கிடைத்தது. தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு படத்தைப் பெரிதாகக் கலரில் அச்சிட்டு மாட்டலாம்.

எனக்கு அந்தச் சுவர் வேண்டும் என்று ஆசை. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

தேர்ந்தெடுக்கும் நாளன்று என் படம் திரையில் இறங்கியது. சாம்பல் நிற வானம், இரண்டு மலைகள், நடுவே அசையாத தண்ணீர். சும்மா இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், புகழ்ந்தால் நிச்சயம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. முதல் ஆளாக நானே பேசிவிட்டேன்.

தண்ணீரில் மலையின் நிழல் விழவில்லை என்றேன். பனிமூட்டம் மலைக்குப் பின்னால் போய்விட்டது என்றேன். யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்ற நப்பாசையும் உள்ளே இருந்தது. ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ராஜேஸ்வரி மட்டும் ஆட்டவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பெர்ரிப் படகில் வந்து இந்தப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை செய்தவர். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர், கோபத்தில் தமிழுக்கு மாறினார்.

"என்னாண்ணே பேசுறீங்க? மழைக்கு முன்னாடி கடலப் பாத்ததே இல்லியா? நிழலே விழாது. நான் தெனம் அதுலதான் வாரேன்."

"இது மழைக்கு முந்தின தண்ணி இல்லம்மா. கணக்குல விட்டுப்போனது."

"கணக்குல விட்டுப்போச்சுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களா செஞ்சீங்க?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தமிழ் தெரியாத ஓங்கூட என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல... பாத்தாலே தெரியுது."

"ஒங்களுக்குக் கண்ணு இல்ல, ஸ்கேல்தான் இருக்கு. இந்தப் படத்துல எனக்குக் காத்து அடிக்குது லா. மத்த படமெல்லாம் பாலீஷ் போட்ட செருப்பு மாதிரி இருக்கு."

பாலீஷ் போட்ட செருப்புகளில் ஒன்று அவருடையதாகவும் இருந்திருக்கும். அதை அவர் யோசிக்கவே இல்லை.

நான் விடவில்லை. மறுத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு குறையும் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும்? அத்தனையையும் எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் வரிசையாக எடுத்து வைத்தேன். கடைசியில் ஓங் போதும் என்று கையைத் தூக்கி, என்னைக் காட்டிச் சொன்னார்.

"மணியம் சேஸ் நோ, மீன்ஸ் நோ லா."

கை தூக்கச் சொன்னபோது என் படத்துக்கு ஒரே ஒரு கை. ராஜேஸ்வரியுடையது. என் கை மடியிலேயே கிடந்தது...

முடிந்ததும் பெர்ரி நிற்கும் ஜெட்டி வரை நானும் ராஜேஸ்வரியும் சேர்ந்து நடந்தோம். அவருக்குப் பெர்ரி, எனக்கு பஸ். பிரியும் இடத்தில் நின்றார்.

"செஞ்ச ஆளு பாவம்ணே. அங்கனதான் உக்காந்திருந்திருப்பாரு. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, அழிச்சிட வேணாம்னு."

"சொல்றேன்," என்றேன்.

அவர் போன பெர்ரி தூரத்தில் சிறியதாகும் வரை நின்றிருந்தேன். மழை வருவதுபோல இருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதில் எதன் நிழலும் இல்லை. அவர் சொன்னது சரிதான்... கணக்கில் நான் விட்டது கடலில் அப்படியே இருந்தது.

அந்தப் படத்தை அழிக்கவில்லை. ஆனால் அது என்னுடையது என்று அவரிடம் சொல்லத் துணிவும் வரவில்லை. சில மாதங்களில் அவருக்கு வேலை மாற்றம் வந்து, சனிக்கிழமை வருவதும் நின்றது.

இப்போது நானும் எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று ஏ.ஐ.க்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் மலை வந்துவிடுகிறது, தண்ணீரில் தன் நிழலோடு, குறையே இல்லாமல். காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே நம் குழுவில் போட்டால் நீங்களும் "சூப்பர் அண்ணே" என்கிறீர்கள். பூக்கள், கூப்பிய கைகள், கட்டைவிரல்கள்... மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் நன்றி போட்டுக்கொண்டே வருவேன். யாராவது ஒருவர் சண்டைக்கு வந்திருக்க மாட்டாரா என்று, கடைசி கமெண்ட் வரை இறக்கிப் பார்ப்பேன்.