மேனேஜர் வீடு ஒண்ணு

அக்காள் வேலைக்குக் கிளம்பும் நாளில் தண்ணீர் குடிக்கமாட்டாள். காலைக் காபியைக்கூடப் பாதியில் வைத்துவிடுவாள். பேருந்து நடத்துநர் வேலையில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொண்ட பாடம் அது. அவள் வழித்தடத்துக்கு ஒரு முனை டிப்போ, மறுமுனை ஒரு மண்மேடு. மேட்டுக்குப் பின்னால் ஆண்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பெண்கள் ஷிப்ட் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்.

டிப்போவில் பெண்களுக்கென்று கழிவறை இல்லாமல் இல்லை. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோதே கட்டிவிட்டார்கள். கதவில் ஒரு பெண்ணின் முகம்கூட வரைந்திருந்தது. உள்ளே மட்டும் பழைய டயர்கள், கூரை முட்ட.

இதெல்லாம் தங்கைக்குத் தெரிய வந்தது, அவள் வருடக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, ஒரு முதுகுப்பையோடு அக்காள் வீட்டு சோபாவில் வந்து விழுந்த பிறகுதான். அவளுக்கு அக்காள் வைத்த பெயர் ‘உலகம்’. “உலகம் எந்திரிச்சாச்சா?” “உலகத்துக்கு இன்னொரு தோசையா?” என்று வீட்டில் அதே பெயர் நிலைத்துவிட்டது.

உலகம் போன ஊரிலெல்லாம் ஏதாவதொரு போராட்டத்தைப் பார்த்திருந்தாள். எதிலும் கடைசிவரை நின்றதில்லை. விசா முடிந்துவிடும், இல்லையென்றால் பசித்துவிடும். ஆனாலும் புரட்சி பற்றித் தனக்கு ஒரு நிபுணத்துவம் உண்டென்று திடமாக நம்பினாள்.

அக்காளுக்கு அடிவயிற்று வலியோடு மறுபடியும் காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா இந்த முறை சிரிக்கவில்லை. “தண்ணி குடிக்கலன்னா கிட்னி போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க” என்றாள். வீட்டுக்கு வந்ததும் உலகம் பொங்கியெழுந்தாள்.

“நான் போன நாட்டிலெல்லாம் இந்த மாதிரி அநியாயம் கிடையாதுக்கா.”

“நீ போன நாட்டுலயெல்லாம் நீ போனே. நான் இங்க எங்கடி போறது?”

“கேக்கணும்க்கா! எல்லாரும் சேர்ந்து கேக்கணும்!”

“கேட்டோமே. ‘டயரை எங்க வைக்கிறது, உன் வீட்லயா?’ன்னு மேனேஜர் கேட்டார். எங்க வீட்ல ஏற்கெனவே நீ இருக்கேன்னு சொல்லல.”

உலகம் அசரவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஓர் உரை தயாரித்தாள். ‘உரிமை என்பது யாசகமல்ல’ என்று தொடங்கும். டிப்போ வாசலில் கூட்டம் என்று எல்லா நடத்துநர்களுக்கும் சொல்லிவிட்டாள். கூட்டத்துக்கு வந்தது ஒரு பூனை. மற்றவர்களெல்லாம் பேருந்தில் இருந்தார்கள். ஷிப்ட் நேரம் என்று ஒன்று இருப்பது, ஷிப்டே இல்லாத அவளுக்குத் தோன்றவில்லை.

சரி, மக்கள் தயாராக இல்லை, தனிமனிதரிடமிருந்து தொடங்குவோம் என்று முடிவு செய்தாள். மறுநாள் காலை பெரிய தண்ணீர் பாட்டிலோடு அக்காள் முன்னால் நின்று, அழுதாள், மிரட்டினாள், கிட்னி கிட்னி என்று பாட்டாகவே பாடினாள். அவள் வாயை மூடவைக்க வேறு வழி தெரியாமல் அக்காள் பாட்டிலை வாங்கி மடமடவென்று காலி செய்தாள்.

“போதுமா? இப்ப திருப்தியா?”

உலகத்துக்கு ஏகத் திருப்தி. மாற்றத்தை நேரில் பார்க்க அக்காள் பேருந்திலேயே ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மாற்றம் பாதி வழியில் வந்தது. அக்காளின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. மீதிச் சில்லறையை எண்ணாமல் கொடுத்தாள். கம்பியைப் பிடித்தவள் விடவில்லை. மண்மேடு இன்னும் வெகுதூரம்.

“அண்ணே, நிறுத்துங்க.”

“இங்க ஸ்டாப் இல்லையேம்மா” என்றார் டிரைவர்.

“அண்ணே!”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பேருந்து ஒரு பச்சைக் கேட் போட்ட வீட்டின் முன்னால் நின்றது. அக்காள் குதித்து ஓடிக் கதவைத் தட்டினாள். திறந்தவர் ஷேவிங் நுரை பூசிய பாதி முகத்தோடு நின்ற டிப்போ மேனேஜர்.

“என்னம்மா இது? வண்டி எங்க?”

“வாசல்ல நிக்குது சார். வழி விடுங்க.”

“எதுக்கு?”

அக்காள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நடத்துநர் இரண்டு விசில் கொடுக்காமல் வண்டி நகரக்கூடாது, அது விதி. எனவே பேருந்து முழுக்க மேனேஜர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. உலகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. வரலாறே கூட்டம் கூட்டிக்கொடுத்திருக்கிறது! எழுந்து நின்று தொண்டையைச் செருமினாள்.

“பயணிகளே! உரிமை என்பது யாசகமல்ல…”

“உக்காரும்மா, மறைக்குது” என்றாள் பக்கத்திலிருந்த ஓர் அம்மாள். “உள்ள போன பொண்ணு வருதான்னு பாக்கணும்.”

உலகம் உட்கார்ந்தாள்.

உள்ளே நடந்ததை அக்காள் அன்று மாலைதான் சொன்னாள். பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவளை மேனேஜரின் மனைவி துண்டோடு நின்று வரவேற்றாளாம்.

“ஏம்மா, டிப்போல உங்களுக்கு பாத்ரூம் இல்லையா?”

“இருக்கும்மா. அதுல டயர் இருக்கு.”

“யாரோட டயர்?”

“சாரோட டயர்.”

அந்தம்மா நுரை காய்ந்துபோன கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இனிமே இங்கயே வந்துட்டுப் போங்க. எல்லாரையும் வரச் சொல்லு” என்றாளாம்.

டிரைவரை அக்காள் பிடிபிடியென்று பிடித்தாள். “அது மேனேஜர் வீடுன்னு தெரியுமாண்ணே உங்களுக்கு?”

“எனக்குத் தெரியும்மா. உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது.”

அக்காளுக்கு மெமோ வந்தது. அனுமதியற்ற இடத்தில் வண்டியை நிறுத்தியது ஏன், விளக்கம் தராவிட்டால் சஸ்பெண்ட் செய்ய நேரிடும் என்று. அக்காளின் கணவர் சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் சம்பளம் நின்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. தன் தண்ணீர் பாட்டில் செய்த வேலை இது என்று உலகத்துக்கு முதல்முறையாக உறைத்தது. பரிகாரமாக, பல நாட்டுச் சட்டங்களை மேற்கோள் காட்டிப் பக்கம் பக்கமாக ஒரு விளக்கம் எழுதினாள். அக்காள் அதைப் படிக்கவில்லை. வேறொரு தாளில் ‘அவசரம்’ என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குள் விஷயம் மற்ற நடத்துநர்கள் காதுக்குப் போயிருந்தது. அந்த வழியாகப் போன பேருந்தெல்லாம் பச்சைக் கேட்டில் நிற்க ஆரம்பித்தது. மேனேஜர் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை, பனியனோடு கூடத்தில் நடக்க முடியவில்லை. அந்தத் தெருக்காரர்களுக்கோ கொண்டாட்டம். பக்கத்தில் ஸ்டாப் இல்லாமல் நெடுநாளாக நடந்தவர்கள் அவர்கள். கையை நீட்டி, “மேனேஜர் வீடு ஒண்ணு” என்று டிக்கெட் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியில் மேனேஜரின் மனைவி சொன்னாளாம்: “ஒண்ணு டயர் வெளிய போகணும், இல்ல நீங்க வெளிய போகணும். இந்த வீட்ல இருக்கறது ஒரே பாத்ரூம்.”

டயர்கள் வெளியே போயின. மெமோ எந்த மேசையடியில் போனதோ, யாரும் தேடவில்லை.

திறப்பு விழா என்று மேனேஜர் கதவுக்கு ரிப்பன் கட்டினார். வெளிநாடெல்லாம் பார்த்த பெண் என்று உலகத்தைப் பேசவும் அழைத்தார். பெண் நடத்துநர்கள் எல்லாரும் எதிரே வரிசையாக நின்றார்கள். உலகம் கண்கலங்கினாள். ஒருவழியாக அந்த உரைக்கு ஒரு கூட்டம்!

“உரிமை என்பது யாசகமல்ல. பல நூற்றாண்டுகளாக…”

வரிசையில் முதலாவதாக நின்ற அக்காள் குனிந்து, ரிப்பனுக்கு அடியில் புகுந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. அது உரைக்கான வரிசை அல்ல என்பது உலகத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்குத் திரும்ப உலகம் அக்காள் பேருந்திலேயே ஏறினாள். அக்காள் யாரும் சொல்லாமலே அவள் பையிலிருந்து பாட்டிலை உருவி, நின்றபடியே நிதானமாக முழுவதும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு விசிலை எடுத்தாள்.

“மேனேஜர் வீடு ஒண்ணு” என்று பணத்தை நீட்டினார் ஒருவர்.

“அங்க இனிமே நிக்காது சார்.”

“அதெப்படி நிக்காம போகும்? நாங்க சும்மா விடமாட்டோம்!”

பின்சீட்டில் உலகம் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

“உலகம்,” என்றாள் அக்காள் திரும்பாமலே, “வாயத் திறந்தே, இங்கயே இறக்கி விட்டுடுவேன்.”

இரண்டு விசில் கொடுத்தாள்.