இரண்டாம் பூச்சு

தேயிலைக் கட்டையின் சாம்பலைக் கரைத்துக் கோப்பைக்குப் பச்சை நிறம் கொண்டுவந்த முதல் ஆள், கந்தப்பளைப் பக்கத்தில் நான்தான். எங்கள் மட்பாண்டக் கடைக்கு வருகிறவர்களிடம் இப்படித்தான் சொல்வேன். சுத்தப் பொய். கொண்டுவந்தது, எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த பெண்; தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். நான் அவளுக்குச் சாம்பல் சலித்துக் கொடுத்தவன். அதிலும் பாதி என் மூக்குக்குள் போனது.

தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரமாகக் கொழும்பிலிருந்து வந்த ஒரு மேடம் மட்பாண்டப் பட்டறை போட்டிருந்தார். நானும் தங்கச்சியும் ஒரே மாதத்தில் அங்கே சேர்ந்தோம். அவள் கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து தப்பி வந்தவள். நான் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டாதவன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையைத்தான் லயத்தில் எல்லோரும் அடுப்பெரிப்போம். அந்தச் சாம்பலை வாரி வந்து, ஊறவைத்து, வெள்ளைக் களிமண்ணோடு கலந்து, கோப்பையில் பூசி, எதை எவ்வளவு போட்டால் சூளையில் என்ன ஆகிறது என்று அவள் மாதக் கணக்கில் பார்த்தாள். முதலில் சேற்று நிறம் வந்தது. பிறகு மஞ்சள். ஒரு நாள் மழைக்குப் பின் துளிர்த்த கொழுந்து மாதிரி ஒரு பச்சை வந்தது. மேடம் அந்தக் கோப்பையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஹோட்டல் ஒன்றுக்கு நாற்பது கோப்பை அவள் பொறுப்பில் செய்யச் சொன்னார். அது நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் மறுபடி மலைதான். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

கோப்பைகளைக் கலவையில் முக்கி எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, அன்று மத்தியானம் அவள் தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். "அடியில ஒரு விரல் அளவு தொடச்சிட்டு சூளைக்குள்ள அடுக்குங்கண்ணே. வேற ஒன்னும் செய்யாதீங்க" என்றாள். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காய்ந்த கலவையைப் பார்த்தேன். சாயம் போன வேட்டி மாதிரி வெளிறி, தூள் தூளாக இருந்தது. தீபாவளிக்கு முன்னால் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழகிய கை என்னுடையது. முதல் பூச்சு காய்ந்து வெளிறித் தெரிந்தால் இரண்டாவது அடிக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம். பிள்ளைக்கு உதவி செய்கிறோம் என்ற பெருமையோடு ஒரு பிரஷை எடுத்து நாற்பதுக்கும் இன்னொரு பூச்சு அடித்தேன். சுவர் நெருப்புக்குள் போவதில்லை, கோப்பை போகும். அது என் மண்டைக்கு எட்டவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தபோது, பச்சையெல்லாம் உருகி வழிந்து, கோப்பைகள் அடுக்கியிருந்த சூளைத் தட்டுகளோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்க முடியவில்லை. தட்டுகளும் பாழ். தங்கச்சி என்னை ஒரு தடவை பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"தட்டுக்கும் கோப்பைக்கும் கல்யாணம் முடிஞ்சிருச்சுங்க மேடம். இனி கோர்ட்டுக்குப் போனாத்தான் பிரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இது உங்கட கலவைதானே?"

"ஆமாங்க மேடம்."

அடுத்த திங்கட்கிழமை அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். அவள் எழுதி வைத்த அளவுத் தாள் பட்டறையிலேயே இருந்தது. அதைப் பார்த்து, ஒரே பூச்சில், நான் அந்தப் பச்சையைக் கொண்டுவந்தேன். இன்று நான் மாஸ்டர்.

மூன்று வாரத்துக்கு முன் நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கல்யாணமாகி வேறு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். விரல்களில் கறுப்புக் கறை. நான் தட்டுத் தடுமாறி, "தங்கச்சி, அன்னைக்கு அந்தப் பூச்சு…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ண்ணே. வாளியில பிரஷ் காஞ்சு கெடந்திச்சு. நான் பிரஷ் தொடுறதேயில்லையே."

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "இப்பயாவது மேடத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னைக்கே சொல்றேன்" என்றேன். அவள் பஸ் ஏறிவிட்டாள்.

நேரில் சொல்லப் போனால் நடுவில் எப்படியும் ஒரு நக்கல் வந்து விழுந்துவிடும். என் வாய் அப்படி. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டு அப்படியே மேடத்தின் கையில் கொடுத்துவிடலாம். அந்த நாற்பது கோப்பைக்கும் இரண்டாவது பூச்சு அடித்தது நான்தான், அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும், என்னை…

"மாஸ்டர், வேன் வந்திட்டுது. வெளிநாட்டு ஆக்கள் இருபது பேர். கொஞ்சம் வந்து சிரிக்க வைங்க."

"வர்றேங்க மேடம்."