பட்டன்காரியின் ராகம்

"உங்களுக்கு என்ன தெரியும்? வாயை மூடிக்கிட்டு நில்லுங்க!"

குடைக்கடையில், நாலு பேர் பார்க்க, பட்டன்காரி புருஷனிடம் சீறினாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "இதோட ஸ்பிரிங் சரியில்ல, வேற பாரு." காலமெல்லாம் பூட்டு ரிப்பேர் பார்க்கிற மனுஷன், ஸ்பிரிங் அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவளோ அந்தக் குடையையே வாங்கினாள். முதல் மழையிலேயே அது மடங்கிப்போனது.

சலவைக்கடை வாசலில் உட்கார்ந்து பட்டனும் கொக்கியும் தைக்கிறவள் அவள். கை எவ்வளவு வேகமோ, வாயும் அவ்வளவு வேகம். 'உங்களுக்கு' என்று மரியாதையாகத்தான் ஆரம்பிப்பாள். 'தெரியும்' என்று இழுத்து மேலே ஏற்றுகிறாளே, அங்கேதான் ஆளை அறுப்பாள். கல்யாணமான புதிதில் அதைச் சொன்னபோது அவளுக்கே நாக்கு கூசியது. சொல்லச் சொல்லக் கூச்சம் விட்டுப்போனது. பிறகு சொல்கிறோம் என்பதே தெரியாமல் போயிற்று. கேட்கிறவருக்கும் பழகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அவர் பல் தேய்த்துக்கொண்டே சரிந்தார். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து, "பெரியவரே, உங்க பேர் என்ன?" என்று கேட்டார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். தெளிவாக. அவளுடைய அதே இழுப்போடு.

நர்ஸ் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். மகள் வந்து அழுதபோது அவள் தலையைத் தடவிக்கொண்டே அதையேதான் சொன்னார். பட்டன்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள்: "மத்த வார்த்தை எல்லாம் போயிடுச்சும்மா. காதுல விழுந்து விழுந்து ஊறினது சில பேருக்கு இப்படி நின்னுடும். வீட்ல யாராவது இதை அடிக்கடி சொல்வாங்களா?"

"அவரோட அக்கா சொல்வாங்க. செத்துட்டாங்க."

செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறாள்! நாத்தனார் பாவம், பூனையைக்கூட அதட்டத் தெரியாதவள்.

அடுத்த தடவை பயிற்சிக்குப் போனபோது, அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளின ஆஸ்பத்திரி ஆள் வேறு பக்கம் திருப்பிவிட்டான். "உனக்கு என்ன தெரியும்?" என்று பட்டன்காரி கத்தினாள். கதவருகே நின்ற பயிற்சிக்காரப் பெண் சட்டென்று திரும்பினாள். ராகம் ஒன்றுதானே! நாற்காலியில் இருந்தவரோ, அது தனக்குத்தான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "புதுசா ஒரு பேச்சு அவர் காதுல போடுங்கம்மா. நாள் முழுக்க. அதுவும் உங்க வாயிலேர்ந்துதான் வரணும்."

என்ன பேச்சைப் போடுவது? அவரிடம் ஒரு நாளும் சொல்லாத ஒன்றை எடுத்தாள்: "நீங்க சொல்லுங்க." உப்பு போதுமா, நீங்க சொல்லுங்க. ஜன்னலை மூடவா, நீங்க சொல்லுங்க. புதுச் செருப்பு காலைக் கடிக்கிற மாதிரி அது வாயைக் கடித்தது. "என்னக்கா, புருஷன் இப்பதான் கண்ணுக்குத் தெரியறாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி குத்தினாள். அவரோ பழையதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுபடி மழை பிடித்தது. அவரை மெல்ல நடத்தி அதே கடைக்குக் கூட்டிப்போனாள். "எது நல்லாயிருக்கு? நீங்க சொல்லுங்க."

இடது கையால் ஒவ்வொரு குடையாக அமுக்கிப் பார்த்தார். கடைக்காரர் கொட்டாவி விட்டார். கடைசியில் ஒரு கறுப்புக் குடை டக்கென்று விரிந்தது. அதை அவள் கையில் கொடுத்தார். உதடு கோணியது. இதோ நாலு பேர் முன்னால் அந்தப் பழைய பேச்சு வரப்போகிறது என்று இந்தத் தடவை அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொ... சொல்லு."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்த கடைக்காரர் விலையைச் சொன்னார். எதையும் பாதி விலைக்குக் கேட்கிறவள், கேட்ட பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். முந்நூற்று நாற்பது.