பிஸ்டன் ஓரத்தில் கொஞ்சம் கரி

மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மாத்தளை சர்ச்சில் தாலி கட்டி முடிந்ததும் பெண் எங்கள் காரில்தான் மலைமேல் இருக்கும் எல்கடுவ தோட்டத்து வீட்டுக்கு ஏற வேண்டும். தன் கல்யாணத்தன்று அவள் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில், கழுத்தில் மாலையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு போனவள். லொறி பிடித்தவன் நான்தான். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவேயில்லை.

எங்கள் காரோ அலுவிகாரைப் புத்தர் கோயில் வாசலைத் தாண்டவே இருமியது. ஏற்றம் வந்தால் எஞ்சின் டக்டக்கென்று தட்டும், இழுக்காது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, கராஜ் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் முற்றத்திலேயே எஞ்சினின் ஹெட்டைக் கழற்றினார். நான்கு பிஸ்டன் தலைகளிலும் கரி தடித்துப் படிந்திருந்தது. எண்ணெய்க் கரி என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய் மேலே கசிகிறது என்று அர்த்தம். புது ரிங்குக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். யுத்தத்தால் வழியெல்லாம் செக்பொயிண்ட் இருந்த காலம், போய்த் திரும்புவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும்.

நானா விரலால் தேய்த்துப் பார்த்தார். பசையில்லை, அடுப்புக்கரி போல உதிர்ந்தது.

"காஞ்ச கரி தம்பி. பெட்ரோல் அளவுக்கு மேல போய் எரிஞ்சிருக்கு. ரிங்ல ஒரு கொழப்பமும் இல்ல, சொரண்டினாப் போதும்."

அலுமினியத்தில் கீறல் விழக்கூடாதென்று மூங்கில் துண்டால் சுரண்டினார். ஆனால் ஒவ்வொரு பிஸ்டனிலும் ஓரத்தைச் சுற்றி வளையல் அளவுக்குக் கரியை வேண்டுமென்றே விட்டார். பழைய எஞ்சினில் எண்ணெய் மேலே ஏறாமல் அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஓரக் கரிதானாம். பிறகு அவர் ஜும்மாவுக்குப் போனார், நான் கேஸ்கட் வாங்க டவுனுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் நான்கு பிஸ்டனும் ஓரம்வரை வெள்ளியாக மின்னின. தேங்காய்த் தும்பும் மண்ணெண்ணெயுமாக மனைவி நின்றாள்.

"ஓரத்துல அழுக்க விட்டுட்டு எந்த வீட்டுல சட்டி கழுவுறாங்க? ஆம்பளைங்க வேலையே இப்படித்தான்!"

அந்த நேரம் பார்த்து நானா வந்துவிட்டார். எட்டிப் பார்த்தார், தலையில் கை வைத்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கார் ஏறும் தங்கச்சி. ஆனா பொக கக்கும். ஓரத்துல மறுபடி கரி புடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கங்க."

கல்யாணத்தன்று கக்கியது பாருங்கள், ஒரு புகை! பெண்ணும் மாப்பிள்ளையும் பின் சீட்டில், மனைவி என் பக்கத்தில், பின்னால் ரோட்டையே மறைக்கும் நீலப் புகை. செக்பொயிண்டில் சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு இதென்ன புகை என்று சிங்களத்தில் கேட்டான். மனைவி முந்திக்கொண்டு, "மகுல் கெதர, மாத்தயா!" என்றாள். கல்யாண வீடு என்றால் புகை வரத்தானே செய்யும் என்பதுபோல. அவன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டி அனுப்பினான்.

எஞ்சின் ஒருமுறைகூடத் தட்டவில்லை. வளைவுக்கு வளைவு ஏறியது. எனக்குச் சந்தோஷத்தில் ஹோர்ன் அடிக்க வேண்டும்போல இருந்தது, அடித்தேன். லயத்து வரிசை வீட்டு வாசலில் பறை முழங்க, சேலை மடிப்புக் கலையாமல் பெண் இறங்கினாள். சனம் அவளைச் சூழ்ந்துகொண்டு உள்ளே அழைத்துப் போனது.

மனைவி மட்டும் இறங்கவில்லை.

"எறங்கலியா?"

"கீழ போய் இன்னொருக்கா ஏறி வருவமாங்க?" என்றாள், என்னைப் பார்க்காமல். "இந்தத் தடவ நான் பின்னால ஒக்காந்துக்கிறேன்."

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் திருப்பினேன்.