காலி வண்டி என்றார் பைலட்

எங்கள் வேலையில் ஆம்புலன்ஸ் டிரைவரைப் பைலட் என்பார்கள். சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். ரயில்வே கேட்டில் ஹாரன் அடித்து அடித்துக் கை வலித்து நிற்கிற மனுஷனுக்குப் பைலட் என்று பேர்! என்னோடு இருந்தவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நான் தெற்கத்திக்காரி, அம்பாசமுத்திரம் பக்கம். ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு அரக்கோணத்துக்கு வந்தவள். வேலை திருத்தணி வண்டியில். அங்கே பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள். எனக்கு அது இன்றுவரை மண்டையில் ஏறவில்லை. தெலுங்கு மட்டும் பேசுகிறவர்கள் வண்டியில் ஏறினால் அண்ணன்தான் எனக்குச் சொல்லுவார், நான் வைத்தியம் பார்ப்பேன்.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். ரோடு முழுக்க மஞ்சள் துணியும் காவடியும். அண்ணனும் மாலை போட்டிருந்தார். அந்த மாசம் பூராவும் செருப்பு போடமாட்டார், வெறுங்காலால்தான் பிரேக்கை மிதிப்பார். கே.ஜி.கண்டிகை தாண்டி ஒரு வேன் புளியமரத்தில் மோதிவிட்டது என்று அழைப்பு வந்தது.

போய்ப் பார்த்தால், முன்பக்கம் நசுங்கி, பள்ளத்தில் ஒருக்களித்து நிற்கிறது வேன். அப்போதுதான் மலைக்குப் போய்ப் பூஜை போட்டு வந்திருப்பார்கள் போல. பின்கதவு முழுக்கச் சந்தனம், அதன் மேல் தண்டியாக ஒரு சாமந்தி மாலை. டிரைவர் மட்டும் உள்ளே இருந்தார். நசுங்கிய தகடு காலைக் கவ்வியிருந்தது. தொடை இடுப்போடு சேருகிற இடத்தில் கிழிந்து ரத்தம் கொப்பளித்தது. அந்த இடத்தில் கட்டுப் போட முடியாது. கையை வைத்து அழுத்துவதைத் தவிர வழியில்லை.

இருந்தும் நான் உடனே உள்ளே ஏறவில்லை. பயிற்சியில் அதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பெட்ரோல், கேஸ், வெடி ஏற்றிய வண்டி என்றால் கிட்டே போகாதே. காற்று நம் முதுகில் அடிக்கிற பக்கமாகத் தூர நில். கூட்டத்தை விரட்டு. போனைத் தொடாதே. தீயணைப்புக்காரர்கள் சொன்ன பிறகுதான் போக வேண்டும். நீயும் செத்தால் அவனை யார் தூக்குவது என்று கேட்டார் பயிற்சி கொடுத்த சார். நியாயம்தானே? எனக்கு வீட்டில் ரெண்டு வயசுப் பெண்பிள்ளை வேறு. அதனால் எந்த வண்டி என்றாலும் முதலில் லோடு கேட்டுவிடுவேன்.

"என்ன லோடுன்னு கேளுங்க அண்ணே" என்றேன்.

அண்ணன் ஜன்னலில் தலையை விட்டுத் தெலுங்கில் கேட்டார். அந்த ஆள் மூச்சு வாங்க வாங்க நீளமாக என்னவோ சொன்னார். என்னைப் பார்த்துக் கை காட்டிச் சொன்னார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"காலி வண்டிதாம்மா. நீ உன் வேலையப் பாரு."

நான் இந்தப் பக்கக் கதவு வழியாக ஏறி, பஞ்சை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால், எங்கள் ஆம்புலன்ஸ் ரிவர்ஸில் போய்க்கொண்டிருக்கிறது! விட்டுவிட்டு ஓடுகிறாரா மனுஷன்? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ரொம்ப தூரத்தில் வளைவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடி வந்தார்.

"என்ன அண்ணே, கிறுக்கு பிடிச்சிருக்கா? ஸ்ட்ரெச்சர அங்கேயிருந்தா தூக்குறது?"

"கூட்டம் ஜாஸ்தி, வழி வேணும்" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்தது எல்லாமே விபரீதமாக இருந்தது. போன் எடுத்துப் படம் பிடித்தவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அந்த வாயில் அப்படியொரு வார்த்தை நான் கேட்டதில்லை. வேனைத் தள்ளி நிமிர்த்த வந்தவர்களை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். காவடிக் கூட்டத்தில் ஒரு அம்மா, டிரைவர் பிழைக்க வேண்டும் என்று ரோட்டிலேயே கற்பூரத்தைக் கொளுத்திக் கும்பிட்டாள். இவர் பாய்ந்து போய் வெறுங்காலால் அதை மிதித்து அணைத்தார்.

"ஐயையோ, மாலை போட்டுகினு கற்பூரத்த மிதிக்கிறானே! வெளங்குவானா இவன்?" என்று கூட்டம் கத்தியது.

எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கையை எடுக்க முடியாது. அந்த ஆளோ, சும்மா இருக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பிடித்துத் தள்ளினார், திரும்பத் திரும்ப என்னவோ சொன்னார். வலி பொறுக்காமல் தள்ளுகிறார் என்று நினைத்து, "சும்மா கிடையும்யா!" என்று அதட்டிவிட்டு இன்னும் பலமாக அழுத்தினேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தீயணைப்பு வண்டி வந்தது. அதுவும் அதே வளைவில் போய் நின்றுகொண்டது. எல்லாருக்கும் இன்றைக்கு என்னதான் ஆச்சு? அண்ணன் பாட்டிலைக் கதவில் மாட்டிவிட்டு ஓடினார். அதிகாரி கையை ஆட்டுவதும், அண்ணன் கும்பிடுவதும் மட்டும் தெரிந்தது. பிறகு கூட்டத்தை விரட்ட ஆட்களை விட்டுவிட்டு, அதிகாரி தான் மட்டும் கடப்பாரையோடு வந்தார்.

"கைய எடுத்தா என்னம்மா ஆவும்?"

"உயிர் போயிரும் சார்."

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். தகடு வெட்டுகிற மெஷின் எங்கே என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவரும் அண்ணனும் கடப்பாரையைக் கொடுத்து, ஆணி பிடுங்குகிற பதத்தில் மெதுவாக, மெதுவாக நெம்பினார்கள். கால் வெளியே வந்தது.

ஸ்ட்ரெச்சரோடு வேனைச் சுற்றிப் போகும்போதுதான் பார்த்தேன். யாரோ மாலையை விலக்கி, சந்தனத்தைத் துடைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் சாய்சதுரப் பலகை, நடுவில் வெடித்துச் சிதறுகிற படம். வகுப்பில் காட்டிய அதே படம். கல்குவாரிக்குப் போகிற வெடி. அப்போதும் கையை எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் நொண்டினார். உள்ளங்காலில் கொப்புளம். ஆம்புலன்ஸ் படியில் உட்கார வைத்து மருந்து போட்டேன்.

"அந்தாளு என்ன சொன்னாரு?"

"வண்டி நெறைய சரக்கு கீதாம். அந்தப் பொண்ண இட்டுகினு ஓடிடு, நான் பாத்துக்கறேன்னான்."

"எங்கிட்ட காலின்னீரே!"

"சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்ட. ஏறக்கூடாது, அதான் ரூல். ஏறலன்னா அவன் செத்துப் பூட்டிருப்பான். எனக்கு வேற ஒண்ணும் தோணலம்மா."

"எம்பிள்ளைக்கு யார் பதில் சொல்லியிருப்பா?" கத்திவிட்டேன். வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது ஒண்ணுதான் மனசுல ஓடிகினே இருந்துச்சு."

"நீரு ஏன் நின்னீரு? வண்டியத் தள்ளி நிறுத்தினீருல்லா, அங்கேயே நிக்க வேண்டியதுதானே?"

"நீ உள்ள கீற. நான் எங்க போறது?"

அவரை அறையலாமா, காலில் விழலாமா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டிருந்த துணியைப் பாதியில் விட்டுவிட்டு அழுதேன். மீதியை அவரே கட்டிக்கொண்டார். அடுத்த வாரம் வேறு வண்டிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. அவர் செய்தது சரியா தப்பா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தப்பு என்றார். அப்படிச் சொன்னதற்காக அவரோடும் சண்டை போட்டேன். எனக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

தீபாவளி கழித்து, அந்த வேன் டிரைவர் என்னைத் தேடி வந்தார். ஊன்றுகோல், பக்கத்தில் பெண்டாட்டி. அந்தப் பெண் தடால் என்று என் காலில் விழுந்துவிட்டாள். நான் பதறித் தூக்கினேன். அவர் கையைக் கூப்பியபடி, யாரிடமோ கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு வந்த தமிழில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"போ, போன்னு சொன்னேன். கைய தள்ளினேன். நீ போகல அம்மா."

அவரைப் பொறுத்தவரை நான் எல்லாம் தெரிந்தே உட்கார்ந்திருந்தவள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் போயிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.